லொறியில் மோதினாரா, லொறி மோதியதா?

கொழும்பு ஜிந்துப்பிட்டியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அண்மையில் ஆங்கிலக் கடிதமொன்றை எம்மிடம் கொண்டுவந்து, பிழை திருத்தித் தருமாறு வேண்டினார். மஞ்சள் கடவையில் வீதியைக் கடந்துகொண்டிருந்த அவரது தாய்மாமனை லொறியொன்று மோதித் தள்ளியது. இரண்டு நாட்கள் வைத்தியசாலையில் இருந்த பின்னர் அவர் மரணமானார். காப்புறுதி நிறுவனமொன்றுக்கு மாமியின் பெயரில் எழுதப்பட்ட கடிதம் அது. இரண்டு பக்கங்கள் நிரம்பிய அக்கடிதத்தில் இலக்கணப் பிழை என்று பெரிதாகச் சொல்வதற்கு எதுவும் இல்லை. ஆயினும் அதன் முக்கிய வாக்கியம் பின்வருமாறு அமைந்திருந்தது: 'மை அங்கிள் டாஷ்ட் அகெய்ன்ஸ்ட் எ லொறி அண்ட் எக்ஸ்பயர்ட் ஒன் த ஸ்பொட்.'

இளைஞர் சொல்ல நினைத்தது, 'எனது மாமா லொறியில் மோதுண்டு ஸ்தலத்திலேயே உயிரிழந்தார்' என்பதாகும். நமது பத்திரிகைகளில் நாள்தோறும் காணப்படும் வாக்கியம் அது. ஆனால் ஆங்கிலத்தில் அதனை வாசிக்கும் அதிகாரி விளங்கிக்கொள்ளப் போவது வேறு. மாமா ஓடிச் சென்று லொறியின் மீது தம்மை மோதிக்கொண்டார் என்றே அவ்வாக்கியம் கூறுகிறது. 'ஒன் த ஸ்பொட்' என்பதோ வைத்தியசாலை வழங்கிய பத்திரத்துக்கு நேர்மாறானது. கடிதத்துடன் இணைக்கப்பட்ட மருத்துவ அறிக்கை இரண்டு நாள் சிகிச்சையைப் பற்றிப் பேசுகையில், கடிதம் ஸ்தலத்திலேயே மரணம் என்கிறது. கேள்விகளை எழுப்புவதையே தொழிலாகக் கொண்ட ஒரு காரியாலயத்துக்கு இதைவிட வாய்ப்பான கடிதம் வேறு கிடைக்குமா?

ஆங்கிலம் கற்கும் நம்மவர்கள் சொற்களைத் தனித்தனியே மனனம் செய்கின்றனர். எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து வாழும் என்பதை எவரும் கற்பிப்பதில்லை. மொழியியலாளர் இதனைச் சொற்சேர்க்கை என்பர். ஒரு சொல்லின் பொருளில் ஒரு பகுதி அது வழக்கமாகச் சேரும் சொற்களிலேயே தங்கியுள்ளது என்பதை வற்புறுத்தியவர் ஜே.ஆர். பேர்த் என்னும் ஆங்கிலேய அறிஞர். 1919 முதல் 1928 வரை லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர் அவர் என்பது நம்மவர்க்குச் சுவையான செய்தி. ஒக்ஸ்போர்ட் நிறுவனம் மாணவர்களுக்கென ஆங்கிலச் சொற்சேர்க்கை அகராதியொன்றை வெளியிட்டதோ 2002இல்தான்.

சொற்சேர்க்கை என்பது நமக்குப் புதிய விடயமன்று. 'ஜனாஸா' என்ற சொல் 'நல்லடக்கம்' என்பதோடு சேரும்; 'பூதவுடல்' என்பது 'தகனம்' என்பதோடு சேரும். முஸ்லிம் ஒருவர் 'வபாத்தானார்' என்போம். கிறிஸ்தவர் ஒருவர் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்போம். எவரும் இவற்றை மாற்றிப் போடுவதில்லை. ஜனாஸாவையும் தகனத்தையும் 2020 ஏப்ரலில் வர்த்தமானி அறிவித்தல் மூலம் பலவந்தமாக ஒரே வாக்கியத்தில் சேர்த்து வைத்தபோது, 2021 பெப்ரவரியில் அது நீக்கப்படும் வரை ஒரு சமூகம் முழுவதும் பட்ட வேதனையை நாம் மறக்கவில்லை. எந்தச் சொல் எதனோடு சேரும் என்பது சில வேளைகளில் மொழிக்கு அப்பாற்பட்ட விடயமாகவும் ஆகிவிடுகின்றது.

இனி விபத்துக்கு வருவோம். உயிர்ச்சேதம் விளைவித்த விபத்தைக் குறிக்க ஆங்கிலத்தில் மிகவும் இயல்பானது 'ஃபேட்டல் அக்சிடன்ட்' என்னும் தொடராகும். பொலிஸ் பதிவேட்டிலும் நீதிமன்றத்திலும் அதுவே வழங்குகின்றது. 'டெட்லி' என்ற சொல்லும் அக்சிடன்ட் என்பதோடு சேரும். எனினும் அது பத்திரிகைத் தலைப்புக்கு உரியது. பத்தாண்டுகளில் நிகழ்ந்த மிக மோசமான விபத்து என்று ஒப்பிட்டுச் சொல்ல விரும்பினால் 'டெட்லியஸ்ட்' என்பது பொருந்தும். 'லீதல்' என்ற சொல்லும் மரணம் விளைவிப்பது என்றே அகராதியில் பொருள்படும். ஆனால் அது ஆயுதத்தோடும் மருந்தின் அளவோடும் சேருமேயன்றி விபத்தோடு சேராது. 'மோர்ட்டல்' என்பதோ காயத்தோடு நின்றுவிடும். அகராதியில் நான்கும் ஏறத்தாழ ஒரே பொருளுடையவை. வழக்கில் நான்கும் வெவ்வேறு வீடுகளில் வாழ்கின்றன.

நம்மவரை மிகவும் தடுமாற வைப்பது 'கில்ட்' என்னும் சொல்லாகும். ஆங்கிலத்தில் ஒருவர் விபத்தில் இறந்தாலும், மரம் முறிந்து விழுந்து இறந்தாலும், மின்னல் தாக்கி இறந்தாலும் 'வோஸ் கில்ட்' என்பதே இயல்பு. அங்கு கொலைகாரன் எவனும் இருக்க வேண்டியதில்லை. தமிழில் 'கொல்லப்பட்டார்' என்றால் கொன்றவன் ஒருவன் உண்டு. முப்பதாண்டுப் போர்க்காலத்தில் 'கொல்லப்பட்டனர்' என்ற சொல்லை நாள்தோறும் வாசித்துப் பழகிய நமக்கு, வீதி விபத்தை எழுதும்போது 'கில்ட்' என்று எழுதக் கை வருவதில்லை. அதனால் 'எக்ஸ்பயர்ட்' என்கின்றோம். இன்றைய ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் கடவுச்சீட்டுக்கும் மருந்துப் போத்தலுக்கும் உரிய சொல்லாகிவிட்டது. மறுபுறத்தில், ஆங்கிலச் செய்தியை அவசர அவசரமாகத் தமிழாக்குவோர் 'விபத்தில் ஐவர் கொல்லப்பட்டனர்' என்று எழுதி வாசகரைத் திடுக்கிட வைக்கின்றனர். எமது தொழிலைச் சேர்ந்தவர்கள் செய்யும் பிழைதான் இது.

'காயம்' என்பதிலும் இதே போர்க்காலச் சிக்கல் உண்டு. ஆயுதத்தால் ஏற்பட்ட காயத்துக்கு 'வூண்டட்' என்பர். விபத்தில் ஏற்பட்டதற்கு 'இஞ்சர்ட்' என்பர். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லே உள்ளது. விபத்துக் கடிதமொன்றில் 'வூண்டட்' என்று எழுதினால், அடிதடி ஏதும் நடந்ததோ என்ற ஐயம் எழும். 'பலத்த காயம்' என்பதை 'ஹெவி இஞ்சரி' என்று பெயர்ப்பதும் தவறாகும்; 'சீரியஸ்லி இஞ்சர்ட்' என்பதே அங்கு பழகிய சேர்க்கை. மேலும், 'கஷுவல்டி' என்பது இறந்தோரையும் காயமடைந்தோரையும் சேர்த்தே குறிக்கும். நாற்பது 'கஷுவல்டி' என்ற செய்தியை நாற்பது பேர் பலி என மொழிபெயர்த்த தலைப்புகள் தமிழில் வந்ததுண்டு.

மரணம் நிகழ்ந்த இடமும் நேரமும் எந்தச் சொல்லில் அடங்குகின்றன என்பதையும் கவனித்தல் வேண்டும். 'சக்கம்ட் டு ஹிஸ் இஞ்சரீஸ்' என்றால், விபத்து நிகழ்ந்து சற்றுக் காலம் சென்ற பின்னர், காயங்களின் விளைவாக இறந்தார் என்பது பொருள். ஸ்தலத்தில் இறந்தவருக்கு அதனைப் பயன்படுத்தலாகாது. 'நொக்ட் டவுன்' என்றால் வாகனம் மோதி வீழ்த்தியது. 'ரன் ஓவர்' என்றால் சில்லு உடல் மீது ஏறியது. பிரேத பரிசோதனை அறிக்கை ஒன்றைச் சொல்ல, உறவினரின் கடிதம் மற்றொன்றைச் சொல்லுமாயின், பொய் சொல்வது யார் என்ற வினா வீணாக எழும்.

நீர் சார்ந்த அனர்த்தங்களுக்கு வேறு சொற்குடும்பமே உண்டு. 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், புதிய பாலத்துக்கான வேலை நடைபெற்றுக்கொண்டிருந்தபோது, பாடசாலைப் பிள்ளைகளையும் ஏற்றிச் சென்ற இழுவைப் படகு கவிழ்ந்தது. படகு கவிழ்ந்தால் 'கப்சைஸ்ட்' என்பர்; பஸ்ஸோ லொறியோ குடைசாய்ந்தால் 'ஓவர்டேர்ண்ட்' என்பர். 2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில், மத்ரஸா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றது. அதற்குரிய தொடர் 'ஸ்வெப்ட் எவே' என்பதாகும். இவ்விரண்டு இடங்களிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோருக்கு ஆங்கிலச் சொல் எதுவாயினும் ஒன்றுதான். எனினும் அவர்களது துயரத்தை வெளியுலகுக்கு எழுதிய நம்மவர் சிலர், 'ட்ரவுண்ட்' என்று எழுதியபின் 'காப்பாற்றப்பட்டனர்' என்றும் எழுதினர். 'ட்ரவுண்ட்' என்றாலே மூழ்கி இறந்தவர் என்பது பொருள். அவரைக் காப்பாற்ற முடியாது.

மலையகத்து விபத்துகளுக்கு இலங்கை ஆங்கிலப் பத்திரிகைகள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வரும் சொல் 'பிரெசிபிஸ்' என்பதாகும். பஸ் அதனுள் 'டொப்பிள்' ஆனதாக எழுதுவது இந்நாட்டு வழக்கம். 2025 மே 11ஆம் திகதி கதிர்காமத்திலிருந்து குருநாகல் நோக்கிச் சென்ற இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ் கொத்மலை, கெரண்டி எல்லவில் வீழ்ந்து 20க்கும் அதிகமானோர் உயிரிழந்தபோதும், அதே ஆண்டு செப்டெம்பர் 4ஆம் திகதி எல்ல – வெல்லவாய வீதியில் தங்காலை நகர சபை ஊழியர்கள் உள்ளிட்ட 15 பேர் உயிரிழந்தபோதும் இச்சொல் மீண்டும் மீண்டும் தோன்றியது. வெளிநாட்டு ஆங்கிலத்தில் அது பள்ளத்தின் விளிம்பையே குறிக்கும். கீழுள்ள பள்ளம் 'ரவீன்' எனப்படும். பஸ் 'பிளஞ்ட் இன்டு எ ரவீன்' என்பது அவர்களது வழக்கு. நமது வழக்கைத் தவறென்று நாம் கூறமாட்டோம். இந்நாட்டுக்குள் எழுதும்போது அது எவருக்கும் விளங்கும். இலண்டனில் உள்ள ஒருவருக்கு எழுதும்போது மட்டும் மாற்றிக்கொள்வது நன்று.

ஆனால் சொல் எதுவாயினும், வாக்கியத்தின் எழுவாய் யார் என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. தமிழில் நாம் எழுதுவதைச் சற்று உற்று நோக்குவோம். 'ரயிலில் மோதுண்டு பெண் பலி' என்கின்றோம். 'வேகக் கட்டுப்பாட்டை இழந்த பஸ் வீதியை விட்டு விலகி' என்கின்றோம். முதலாவதில் மோதுண்டவர் இறந்தவர். ரயில் சும்மா நிற்கிறது. இரண்டாவதில் கட்டுப்பாட்டை இழந்தது பஸ். சாரதியைக் காணவே இல்லை. ஆங்கிலத்தில் கட்டுப்பாட்டை இழப்பவர் சாரதி: 'த ட்ரைவர் லொஸ்ட் கொன்ட்ரோல்' என்பதே இயல்பான சேர்க்கை. இந்த ஓரிடத்தில் ஆங்கிலம் நம்மைவிட நேர்மையாக இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

2005 ஏப்ரல் 27ஆம் திகதி பொல்கஹவெலவுக்கு அண்மையில் யாங்கல்மோதர புகையிரதக் கடவையில் நிகழ்ந்ததை எடுத்துக்கொள்வோம். கடவை மூடப்பட்டிருந்த வேளையில் கடக்க முற்பட்ட தனியார் பஸ் கடுகதிப் புகையிரதத்தின் முன் அகப்பட்டு, 30க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். 'ட்ரெயின் ஹிட்ஸ் பஸ்' என்று எழுதினால் அதில் பொய்யில்லை, மோதியது புகையிரதம்தான். ஆனால் தண்டவாளத்தில் ஓடும் புகையிரதம் விலகவும் முடியாது, உடனே நிற்கவும் முடியாது. 'கொலைட்' என்று எழுதினால், ஓடிக்கொண்டிருந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதியதாகி, பழி சரிபாதியாகப் பிரிந்துவிடும். நிற்கும் மரத்தோடு வாகனம் 'கொலைட்' ஆகாது என்று பழைய ஆங்கிலப் பத்திரிகாசிரியர்கள் கண்டிப்பாக இருந்தமைக்கும் இதுவே காரணம். பஸ் புகையிரதத்தின் பாதைக்குள் செலுத்தப்பட்டது, 'இன்டு த பாத் ஒஃப் த ட்ரெயின்', என்று எழுதும்போதுதான் நடந்தது நடந்தபடி தெரிகிறது. நமது தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு, முன்பின் யோசியாத அல்லது கவனயீனமான செயலால் மரணம் விளைவித்தலைக் குற்றமாக்குகின்றது. செயல் என்றால் செய்தவர் ஒருவர் இருக்க வேண்டும். செய்தவரை வாக்கியத்திலிருந்தே அகற்றிவிட்டு அப்பிரிவைத் தேடுவதில் என்ன பயன்?

'அக்சிடன்ட்' என்ற சொல்லே வேண்டாம் என்போரும் உளர். தடுக்கக்கூடியவற்றை விதியின் செயல் போலக் காட்டுகின்றது எனக் கூறி, பிரித்தானிய மருத்துவ சஞ்சிகை 2001ஆம் ஆண்டில் அச்சொல்லைத் தன் பக்கங்களிலிருந்து விலக்கியது. அலட்சியம் குற்றஞ்சாட்டப்பட்ட அல்லது நிரூபிக்கப்பட்ட சந்தர்ப்பங்களில் 'கிராஷ்', 'கொலிஷன்' போன்ற சொற்களைப் பயன்படுத்துமாறு அமெரிக்க அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் 2016இல் தனது நிருபர்களுக்கு வழிகாட்டியது. இலங்கையில் வீதிகளில் ஆண்டுதோறும் 2,000க்கும் அதிகமானோர் மரணிக்கின்றனர். இத்தனையும் தற்செயல் என்று நம்புவதற்கு அபாரமான விசுவாசம் வேண்டும்.

சொல்லொன்று எவ்வளவு தூரம் பழியைச் சுமக்கும் என்பதைக் காண ஜிந்துப்பிட்டியிலிருந்து வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2020 மே 21ஆம் திகதி, நோன்புப் பெருநாளுக்குச் சில தினங்களே இருக்கையில், மாளிகாவத்தையில் தனவந்தர் ஒருவர் வழங்கிய பண உதவியைப் பெறத் திரண்ட கூட்டத்தில் மூன்று பெண்கள் உயிரிழந்தனர். தமிழில் நாம் 'சன நெரிசலில் சிக்கி' என்று எழுதினோம். ஆங்கிலச் செய்திகள் 'ஸ்டம்பீட்' என்றன. அச்சொல் மிரண்டு ஓடும் மாட்டு மந்தையைக் குறிக்கப் பிறந்தது. மெக்சிக்கோவின் ஸ்பானிய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. கட்டுப்பாடின்றி ஓடி ஒருவரையொருவர் மிதித்துக்கொண்ட கூட்டம் என்ற சித்திரத்தை அது தருகின்றது. உண்மையில் இத்தகைய மரணங்களில் பெரும்பாலானவை ஓட்டத்தால் நேர்பவை அல்ல. ஒரு சதுர மீற்றரில் ஐந்தாறு பேருக்கு மேல் அடைபடும்போது, நின்றவாறே நெஞ்சு அமுக்கப்பட்டு மூச்சு முட்டி இறக்கின்றனர். இதற்குப் பொருத்தமான ஆங்கிலச் சேர்க்கை 'கிரவுட் கிரஷ்' என்பதாகும். நமது 'நெரிசல்' அதனைச் சரியாகவே சொல்கிறது. நெரிதல் என்பது அமுக்கப்படுதல்தான். தமிழில் சரியாக இருந்ததை ஆங்கிலத்துக்குக் கொண்டு செல்லும்போது, உதவி பெற வந்த ஏழைப் பெண்கள் மீது நாமே ஒரு குற்றத்தை ஏற்றி அனுப்புகின்றோம்.

2015 செப்டெம்பர் 24ஆம் திகதி மினாவில் ஹஜ் யாத்திரிகர்கள் உயிரிழந்தபோதும் உலகப் பத்திரிகைகள் எழுதியது 'ஸ்டம்பீட்' என்றுதான். சவூதி அரசின் கணக்கு 769. பல நாடுகள் தத்தம் மக்கள் எத்தனை பேர் என அறிவித்தவற்றைக் கூட்டியபோது 2,000ஐத் தாண்டியது. 2025 செப்டெம்பர் 27ஆம் திகதி தமிழ்நாட்டின் கரூரில் அரசியல் கூட்டமொன்றில் 41 பேர் உயிரிழந்தபோதும் அதே சொல்லே வந்தது.

இதற்காக நீண்ட காலம் போராடியவர்கள் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்தவர். 1989 ஏப்ரல் 15ஆம் திகதி ஷெஃபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில், உதைபந்தாட்ட இரசிகர்கள் கம்பி வேலிகளுக்கிடையே நசுங்கினர். இறந்தோர் தொகை பின்னர் 97 ஆனது. 1991இல் மரண விசாரணை வழங்கிய தீர்ப்பு 'அக்சிடென்டல் டெத்'. இரசிகர்களின் நடத்தையே காரணம் என்ற பேச்சு ஆண்டுக்கணக்கில் நிலவியது. குடும்பத்தினர் ஓயவில்லை. 2012இல் அத்தீர்ப்பு இரத்துச் செய்யப்பட்டு, 2016 ஏப்ரல் 26ஆம் திகதி புதிய விசாரணையின் ஜூரிகள் இறந்தோர் 'அன்லோஃபுலி கில்ட்', அதாவது சட்டவிரோதமாக உயிரிழக்கச் செய்யப்பட்டனர், எனத் தீர்மானித்தனர். இரண்டு சொற்களை வேறு இரண்டு சொற்களாக மாற்றுவதற்கு அவர்களுக்கு 25 ஆண்டுகள் சென்றன. தாய்மொழியாக ஆங்கிலத்தைப் பேசுவோருக்கே அந்நிலை.

இளைஞரின் கடிதத்துக்குத் திரும்புவோம். 'ஸ்தலத்திலேயே' என்று ஏன் எழுதினீர்கள் என வினவினோம். பத்திரிகைகளில் அப்படித்தானே வருகிறது என்றார். நாம் மறுமொழி கூறவில்லை. மாமாவின் நற்குணங்களைப் பற்றிய ஒரு பக்கத்தை அவரே எடுத்துவிட்டார். அது காப்புறுதிக்காரருக்குத் தேவையில்லை, மாமிக்குக் காட்டுவதற்காக வைத்துக்கொள்கிறேன் என்றார். திகதி, நேரம், வீதியின் பெயர், லொறியின் இலக்கம், பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம் ஆகியன முன்னே வந்தன. அதன் கீழே இரண்டு வாக்கியங்கள்: 'மை அங்கிள் வோஸ் ஹிட் பை எ லொறி வைல் ஹீ வோஸ் ஒன் எ பெடெஸ்ட்ரியன் குரொஸிங். ஹீ டைட் ஒஃப் ஹிஸ் இஞ்சரீஸ் இன் ஹொஸ்பிட்டல் டூ டேய்ஸ் லேட்டர்.' லொறி மோதியது; மாமா கடவையில் இருந்தார்; இரண்டு நாட்களின் பின் வைத்தியசாலையில் இறந்தார். கடிதம் பத்து வரிகளில் முடிந்தது. கையொப்பமிட வேண்டிய இடத்தில் மாமியின் பெயரைத் தமிழிலேயே எழுதலாமா என்று கேட்டார். தாராளமாக எழுதலாம் என்றோம்.